தோராச் சுருள் முதல் சாக்கடல் சுருள் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எபிரேய வேதாகமத்தின் பழைய பிரதிகள் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கட்சி உடனே கிளம்பிவிடும். "மூவாயிரம் வருஷமா ஒரு எழுத்துகூட மாறல" என்பது ஒன்று. "எல்லாம் பின்னால திருத்தி எழுதினதுதான்" என்பது மற்றொன்று. சுருளை எழுதுகிறவர் தோலை எப்படிக் கீறுகிறார், தப்பு வந்தால் எதைச் சுரண்டுகிறார், எதைத் தொடவே மாட்டார் என்று தெரிந்துகொண்டால் இரண்டுமே நிற்காது. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே கீழே தொகுத்திருக்கிறோம்.

தோரான்னா பழைய ஏற்பாடுதானே? அப்புறம் தனாக்னு வேற ஒண்ணு சொல்றாங்களே?

தோரா என்பது முதல் ஐந்து நூல்கள் மட்டும்: ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம். கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் தொடக்க நூல் முதல் இணைச் சட்டம் வரை. தோரா, நெவியீம் (தீர்க்கதரிசிகள்), கெதுவீம் (எழுத்துகள்) என்ற மூன்று பகுதிகளின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் தனாக். அதுதான் யூதர்களின் முழு வேதம். 'பழைய ஏற்பாடு' என்பது கிறிஸ்தவர்கள் வைத்த பெயர். யூதர்கள் அப்படிச் சொல்வதில்லை.

தனாக்கில் 24 நூல்கள், சீர்திருத்த சபைகளின் பழைய ஏற்பாட்டில் 39. சரக்கு ஒன்றுதான், எண்ணும் முறைதான் வேறு. சின்னத் தீர்க்கதரிசிகள் 12 பேருக்கும் சேர்த்து ஒரே நூல். சாமுவேல், இராஜாக்கள், நாளாகமம் மூன்றும் பாகம் பிரிக்காமல் ஒவ்வொன்று. எஸ்றாவும் நெகேமியாவும் சேர்ந்து ஒன்று. கத்தோலிக்க வேதாகமத்தின் 46இல் வரும் கூடுதல் நூல்கள் தனாக்கில் இல்லை. வரிசையும் வேறு: தனாக் வழக்கமாக நாளாகமத்தோடு முடியும், மல்கியாவோடு அல்ல.

சுருளுக்குள்ள என்ன இருக்கும்? அதிகாரம், வசன எண் எல்லாம் உண்டா?

ஒன்றும் கிடையாது. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் லத்தீன் வேதாகமத்தில் வந்தது. தொழுகைக் கூடத்தில் வாசிக்கும் தோராச் சுருளில் மெய்யெழுத்துகள் மட்டுமே. உயிர்க்குறி இல்லை, நிறுத்தற்குறி இல்லை, ராகக் குறி இல்லை. இன்று பெரும்பாலும் புழங்கும் மரபில் மொத்தம் 3,04,805 எழுத்துகள். ஒரு பத்திக்கு (சுருளில் மேலிருந்து கீழாக இறங்கும் எழுத்துத் தொகுதி) 42 வரி என்பது இப்போது பரவலான அமைப்பு. அப்படி எழுதினால் 245 பத்திகள் வரும்.

கண்ணுக்குத் தெரியும் பிரிவு என்றால் வெற்றிடம்தான். ஒரு பகுதி முடிந்து, மீதி வரியைக் காலியாக விட்டு அடுத்த பகுதியைப் புதிய வரியில் தொடங்கினால் 'திறந்த' பிரிவு. வரியின் நடுவில் ஒன்பது எழுத்தளவு இடம் விட்டு அதே வரியில் தொடர்ந்தால் 'மூடிய' பிரிவு. எது எங்கே என்பது விதி. மாற்றி விட்டால் சுருள் செல்லாது. நூலுக்கும் நூலுக்கும் இடையே நான்கு வரி வெற்றிடம். யாத்திராகமம் 15இல் வரும் கடல் பாட்டைச் செங்கல் அடுக்கியதுபோலவும், உபாகமம் 32இல் வரும் மோசேயின் பாட்டை இரண்டு நேர்தூண்களாகவும் எழுதுவார்கள். எபிரேயம் தெரியாதவர்கூடச் சுருளைப் பிரித்ததும் இந்த இரண்டு இடத்தையும் அடையாளம் காட்டிவிடலாம்.

ஆட்டுத்தோலா, மாட்டுத்தோலா? காகிதத்துல ஏன் எழுதக் கூடாது?

உண்ணத் தகுந்தது என்று தோரா சொல்லும் விலங்கின் தோல் எதுவானாலும் சரி: மாடு, ஆடு, மான். இன்று அதிகம் கன்றுத்தோல். அந்த விலங்கு முறைப்படி அறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை, இனம்தான் முக்கியம். காகிதமும், மற்ற விலங்குகளின் தோலும் செல்லாது.

தோலை ஊறவைத்து, சுண்ணாம்பு நீரில் பல நாள் போட்டு, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுரண்டிக் காயவைப்பார்கள். சுண்ணாம்பில் போடும்போதே "இது தோராச் சுருளின் புனிதத்துக்காக" என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் பதப்படுத்திய தோல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உதவாது. முற்காலத்தில் மாசிக்காய் நீரில் பதமிட்ட முழுத்தோலில் எழுதுவார்கள். அது செம்பழுப்பாக இருக்கும், ஏமன் நாட்டு யூதர்கள் நெடுங்காலம் விடாமல் வைத்திருந்த வழக்கம் அது. இடையில் சில ஊர்களில் தோலுக்கு வெள்ளைப் பூச்சு அடித்து விற்றார்கள். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும். ஆனால் மை பிடித்துக்கொள்வது பூச்சைத்தான், தோலை அல்ல. சில பத்தாண்டுகளில் பூச்சு உதிரும்போது எழுத்தும் கூடவே பொருக்காக உதிர்ந்துவிடும். மலிவாக வரும் பழைய சுருள்களில் முதலில் பார்க்க வேண்டிய கோளாறு இது.

மை எதுல செய்றாங்க? கடையில வாங்குற இங்க் போதாதா?

போதாது. சரக்கு எல்லாம் நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பவைதான்: மாசிக்காய், கருவேல இனத்துப் பிசின், அன்னபேதி அல்லது மயில்துத்தம். மாசிக்காயை இடித்து ஊறவைத்துக் காய்ச்சி வடிகட்டி, பிசினும் அந்த உலோக உப்பும் சேர்த்துக் கெட்டியாக்குவார்கள். மாசிக்காயின் துவர்ப்புச் சத்தும் உலோக உப்பும் சேர்ந்துதான் கறுப்பு நிறம் வருகிறது. எழுதிக் காற்றுப் பட்ட பிறகு இன்னும் கறுக்கும். 12ஆம் நூற்றாண்டு யூதச் சட்ட அறிஞர் மைமோனிதீஸ் விரும்பியது வேறு: எண்ணெய்ப் புகைக் கரியில் தேன் சேர்த்து உருட்டிக் காயவைத்து, மாசிக்காய் நீரில் கரைப்பது. சாக்கடல் சுருள்களில் (சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் கிடைத்த பழைய பிரதிகள்) பெரும்பாலானவை கரி மையில் எழுதியவை.

பக்குவம் தவறினால் பின்னால் தெரியும். பிசின் கூடினால் எழுத்து கண்ணாடிபோல் காய்ந்து, சுருட்டும்போது வெடித்துத் தெறிக்கும். உப்பு கூடினால் மை தோலை அரிக்கும், காலப்போக்கில் சிவக்கும். சிவந்த எழுத்து செல்லுமா என்பதே தனி விவாதம். கறுப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி.

எழுதுகோல் ஐரோப்பிய மரபில் வாத்து அல்லது வான்கோழி இறகு, கிழக்கத்திய மரபில் நாணல். எழுதுபவரை சோஃபேர் என்பார்கள்.

எழுதும்போது என்னென்ன சட்டம்? படிப்படியா சொல்லுங்க.

முதலில் தோலில் மையில்லாமல் ஊசிபோன்ற கருவியால் கோடு கீற வேண்டும். நம் எழுத்து கோட்டின்மேல் உட்காரும். எபிரேய எழுத்து கோட்டிலிருந்து தொங்கும். பத்திக்கு மேலே மூன்று விரல், கீழே நான்கு விரல், பத்திகளுக்கிடையே இரண்டு விரல் இடம். வரிக்குச் சுமார் 30 எழுத்து. ஒரு தோலில் குறைந்தது மூன்று பத்தி, அதிகம் போனால் எட்டு. இன்று பெரும்பாலும் நான்கு. ஆகவே ஒரு சுருளுக்கு அறுபது தோலுக்கு மேல் வேண்டும்.

மனப்பாடமாகத் தெரிந்தாலும் பார்த்துத்தான் எழுத வேண்டும். முன்னால் ஒரு மூலப்படி இருக்கும். ஒவ்வொரு சொல்லையும் வாயால் சொல்லிவிட்டு எழுத வேண்டும். கண் தாவிப்போவதைத் தடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. தாவினால் என்ன ஆகும் என்பதைச் சாக்கடல் சுருள் பற்றிய கேள்வியில் பார்ப்போம். கடவுளின் பெயர் வரும் ஒவ்வொரு இடத்திலும், எழுதுவதற்கு முன் "இந்தப் பெயரின் புனிதத்துக்காக எழுதுகிறேன்" என்று சொல்ல வேண்டும்.

எழுத்தைச் சுற்றி நாலு பக்கமும் வெறுந்தோல் தெரிய வேண்டும். பக்கத்து எழுத்தை மயிரிழை தொட்டாலும் செல்லாது. ஷின், அயின், தேத், நூன், ஸாயின், கிமெல், த்ஸாதி என்ற ஏழு எழுத்துகளின் தலையில் மூன்று மூன்று மெல்லிய கொடுக்குகள் உண்டு. கிரீடம் என்பார்கள். வரி இறுதியில் இடம் மிஞ்சினால் தாலெத், ரேஷ் போன்ற எழுத்துகளை அகலமாக இழுத்துக்கொள்ளலாம், அளவோடு. எழுதி முடித்த தோல்களைச் சரிபார்த்து, விலங்கின் தசைநாரைத் திரித்த நூலால் தைத்து, இரண்டு மர உருளைகளில் சேர்ப்பார்கள். ஒருவர் முழுநேரமாக எழுதினால் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும்.

ஒரு எழுத்து தப்பானா முழுச் சுருளையும் எரிச்சிடுவாங்களாமே?

பிரசங்கங்களில் அதிகம் கேட்கும் கதை இது. உண்மை அல்ல. எரிப்பதே தடை. திருத்துவார்கள், எப்படித் திருத்தலாம் என்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது.

மை காய்ந்த பிறகு கத்தியால் மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் எழுதலாம். ஆனால் எழுத்தின் வடிவம் எழுதுவதால் வர வேண்டும், சுரண்டுவதால் வரக் கூடாது. தாலெத்தும் ரேஷும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். தாலெத்துக்கு வலது மேல் மூலை கூராக இருக்கும், ரேஷுக்கு வளைந்திருக்கும். தாலெத் வேண்டிய இடத்தில் ரேஷ் விழுந்துவிட்டால் மூலையில் மை வைத்துக் கூராக்கலாம். சரி. ரேஷ் வேண்டிய இடத்தில் தாலெத் விழுந்துவிட்டால் மூலையைச் சுரண்டி வளைவாக்கக் கூடாது. போதுமான அளவு அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். எழுத்தின்மேல் மைத்துளி விழுந்து உருத் தெரியாமல் போனாலும் இதே கதைதான்: துளியைச் சுரண்டி எழுத்தை 'வெளியே எடுக்க' முடியாது.

விடுபட்ட எழுத்தை வரிக்கு மேலே தொங்கவிட்டு எழுதலாம். ஒரு பத்தியில் இப்படி மூன்று இடம்வரை திருத்தலாம், நான்கானால் ஒதுக்க வேண்டும் என்பது தல்மூது (யூத அறிஞர்களின் பழைய சட்ட விவாதத் தொகுப்பு) சொல்லும் கணக்கு. புள்ளி புள்ளியாக அசிங்கமாகிவிடும் என்பதுதான் காரணம். கூடுதலாக விழுந்த எழுத்துக்கு இந்த வரம்பு இல்லை, ஏனென்றால் அது சுரண்டினால் போய்விடும்.

கடவுள் பெயர்லயே தப்பு வந்தா?

அங்கே கத்தி வேலை செய்யாது. அழிக்கக் கூடாத பெயர்கள் ஏழு என்று ஒரு பட்டியல் உண்டு. தேவையில்லாத இடத்தில் அந்தப் பெயரை எழுதிவிட்டால் அந்தத் தோலையே கழற்றிவிட்டு வேறு தோல் எழுதித் தைக்க வேண்டும். கழற்றியதைப் புதைப்பார்கள். ஒரே தோலில் நான்கு பத்தி என்று வைத்தால், ஒரு சொல்லுக்காக நான்கு பத்தி வேலை போச்சு.

இதிலும் ஓர் இடுக்கு உண்டு. பெயருக்கு முன்னால் ஒட்டும் எழுத்தை ('க்கு', 'இல்' போன்ற பொருள் தருவது) அழிக்கலாம். பின்னால் ஒட்டும் எழுத்தை ('நம்முடைய' போன்றது) அழிக்கக் கூடாது. முன்னொட்டு பெயரின் புனிதத்துக்கு வெளியே, பின்னொட்டு அதற்குள் என்று கணக்கு. அனுபவமுள்ள சோஃபேர்கள் சிலர் பெயர் வரும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, மற்றதை எழுதிச் சரிபார்த்தபின் பெயர்களை நிரப்புவதும் இந்த நஷ்டத்துக்குப் பயந்துதான். தோராச் சுருளில் முன்பின்னாக எழுதலாம் என்பதால் இது முடிகிறது. நெற்றியிலும் கையிலும் கட்டும் தெஃபிலினுக்குள் வைக்கும் தோல்துண்டுகளை வரிசை மாறாமல்தான் எழுத வேண்டும்.

சின்னப் பையன்கிட்ட எழுத்தைக் காட்டிக் கேப்பாங்கன்னு படிச்சேன். நெஜமா?

நிஜம். தல்மூதிலேயே நிகழ்ச்சி இருக்கிறது. யாத்திராகமம் 13:15இல் 'கொன்றார்' என்று பொருள்படும் சொல்லின் தொடக்கத்தில் வாவ் என்ற எழுத்து. தோலில் இருந்த ஓட்டையால் அதன் கால் அறுந்துவிட்டது. கால் குட்டையான வாவ், யோத் என்ற எழுத்துபோலத் தெரியும். அப்படி வாசித்தால் பொருள் 'கொல்லப்படுவார்' என்று மாறும். ரபி ஸேரா சொன்ன தீர்வு: ரொம்பப் புத்திசாலியும் அல்லாத, மந்தமும் அல்லாத ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல். சரியாக வாசித்தால் சுருள் செல்லும்.

புத்திசாலிப் பிள்ளை ஏன் வேண்டாம்? அவன் வாக்கியத்தைப் பார்த்து ஊகித்துவிடுவான். இங்கே தேவை ஊகம் அல்ல, வடிவம். அதனால்தான் அடுத்து வரும் எழுத்துகளை மறைத்துவிட்டுக் காட்டும் வழக்கமும் உண்டு. ஆனால் இந்தச் சோதனை 'இது என்ன எழுத்து' என்ற சந்தேகத்துக்கு மட்டும். இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் பிள்ளை சரியாக வாசித்தாலும் பயனில்லை. அது வேறு விதியை மீறியது.

கம்ப்யூட்டர் காலத்துலயும் இதே பாடா?

எழுதுவது கைதான். அச்சடித்த சுருளைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பதில்லை. சரிபார்ப்பில் மட்டும் கணினி வந்துவிட்டது. பத்தி பத்தியாகப் படமெடுத்து, மென்பொருள் மூலப்பாடத்தோடு ஒப்பிடும். மனிதர் பலமுறை பார்த்தும் தப்பிய விடுபடல்களை இது பிடித்திருக்கிறது. தெரிந்த வாக்கியத்தில் இல்லாத எழுத்தையும் கண் நிரப்பிக்கொள்ளும் அல்லவா. மாறாக, மெல்லிய வெடிப்பு, மயிரிழைத் தொடுகை, காலம் செய்த உதிர்வு ஆகியவற்றுக்கு மனிதக் கண்ணே வேண்டும்.

வாசிக்கும்போது நடுவில் கோளாறு தெரிந்தால் நிறுத்தி, வேறு சுருள் எடுப்பார்கள். கோளாறுள்ள சுருளின் கச்சையை உறைக்கு வெளியே கட்டி வைப்பது ஒரு வழக்கம். யாரும் தெரியாமல் எடுத்துவிடாமல் இருக்க. திருத்தாத சுருளை 30 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

உயிரெழுத்தே இல்லாம எப்படி வாசிக்கிறாங்க? 'யெகோவா'ங்கிற உச்சரிப்பு எங்கேருந்து வந்துச்சு?

வாசிப்பவர் முன்கூட்டியே குறியிட்ட புத்தகத்தில் ராகத்தோடு பழகிவிட்டு வருவார். மேடையில் பக்கத்தில் நிற்பவர்கள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். பொருள் மாறும்படி தவறினால் திரும்ப வாசிக்கவைப்பார்கள். அந்தக் குறிகளை உருவாக்கியவர்கள் மசோரெத்துகள் எனப்படும் அறிஞர்கள், ஏறக்குறைய 6 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை. கலிலேயக் கடலோரத் திபேரியா ஊரின் முறைதான் கடைசியில் நிலைத்தது. இவர்கள் புதுப் பாடம் எழுதவில்லை. ஓரத்தில் காவல் குறிப்பு வைத்தார்கள்: இந்தச் சொல் இந்த வடிவில் ஒரே ஒரு முறைதான் வருகிறது, இது இத்தனை முறை வருகிறது என்று. பின்னால் வருபவர் 'பிழை' என்று நினைத்துத் திருத்திவிடாமல் இருக்க.

எழுதியிருப்பது ஒன்று, வாசிப்பது வேறு என்ற இடங்களும் உண்டு. கடவுளின் நான்கெழுத்துப் பெயர் அதில் முதன்மை. யோத்-ஹே-வாவ்-ஹே என்று எழுதியிருக்கும். வாயால் 'அதோனாய்' (என் ஆண்டவர்) என்பார்கள். அதை நினைவூட்ட அதோனாயின் உயிர்க்குறிகளை நான்கு மெய்கள்மேல் வைத்தார்கள். விஷயம் தெரியாத பிற்கால வாசகர் இரண்டையும் சேர்த்து வாசித்ததுதான் 'யெகோவா'. தமிழில் 'கர்த்தர்', 'ஆண்டவர்' என்று மொழிபெயர்த்தவர்கள் உண்மையில் அந்தப் பழைய யூத வாய்வழக்கைப் பின்பற்றியிருக்கிறார்கள்.

பழசாகிப்போன சுருளை என்ன செய்வாங்க?

எரிக்காமல், எறியாமல், கெனிசா என்னும் அறையில் போட்டுவைத்து, பிறகு புதைப்பார்கள். பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா தொழுகைக் கூடத்தில் புதைக்காமலே நூற்றாண்டுகள் சேர்ந்துவிட்டது. உலர்ந்த காற்று காப்பாற்றியது. ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் 1896இல் கொண்டுவந்த ஓர் ஏட்டைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டர் பார்த்து, பென் சீரா நூலின் (கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள, தனாக்கில் இல்லாத நூல்) எபிரேயப் பாடம் என்று கண்டுபிடித்தார். அந்தத் தடம் பிடித்துக் கெய்ரோ போனார். கேம்பிரிட்ஜில் மட்டும் இன்று சுமார் 1,93,000 துண்டுகள் இருக்கின்றன.

அதில் வேதம் ஒரு பங்குதான். மங்களூரில் 12ஆம் நூற்றாண்டில் வெண்கலப் பட்டறை வைத்திருந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற வணிகரின் கடிதங்களும் கணக்குகளும் அங்கேதான் கிடைத்தன. ஏடனிலிருந்த நண்பர்கள் அவருக்குக் காகிதம் அனுப்பிவைத்த செய்தியும் அவற்றில் உண்டு.

இருக்குறதுலயே பழைய பிரதி எது?

கேள்வியைப் பிரிக்க வேண்டும். வேத வாசகம் உள்ள மிகப் பழைய பொருள், எருசலேமின் கெதெஃப் ஹின்னோமில் 1979இல் கிடைத்த இரண்டு சின்ன வெள்ளித் தகட்டுச் சுருள்கள், கி.மு. 7–6ஆம் நூற்றாண்டு. எண்ணாகமம் 6:24–26இல் வரும் ஆசீர்வாதத்தின் வாசகம் அவற்றில் கீறப்பட்டிருக்கிறது. ஒரு முழு நூல் என்றால் கும்ரான் குகையில் கிடைத்த பெரிய ஏசாயாச் சுருள்: 17 தோல், 54 பத்தி, 7.34 மீட்டர், கி.மு. 2ஆம் நூற்றாண்டு. முழுத் தோராச் சுருள் என்றால் இத்தாலியின் பொலோஞா பல்கலைக்கழகத்தில் உள்ளது. 17ஆம் நூற்றாண்டு என்று பட்டியலில் கிடந்ததை 2013இல் மறுபரிசோதனை செய்து 12–13ஆம் நூற்றாண்டு என்று கண்டார்கள்.

உயிர்க்குறியோடு புத்தக வடிவில் உள்ளவற்றில், சிரியாவின் ஆலெப்போ நகரில் இருந்த ஆலெப்போ ஏடுதான் மணிமகுடம். சுமார் 930இல் எழுதியது, திபேரியாவின் மசோரெத்து அறிஞர் ஆரோன் பென் ஆஷர் குறியிட்டது, மைமோனிதீஸ் நம்பியது. ஆலெப்போவில் நடந்த 1947 கலவரத்துக்குப் பின் சுமார் 490 ஏடுகளில் 295 மட்டுமே மிஞ்சின. தோராவில் கிட்டத்தட்ட முழுதும் போய்விட்டது. உபாகமம் 28ஆம் அதிகார நடுவிலிருந்துதான் இருக்கிறது. முழுமையாக இருப்பதில் பழையது புனித பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள லெனின்கிராட் ஏடு, 1008 அல்லது 1009. இன்று ஆய்வாளர்கள் கையில் இருக்கும் அச்சுப் பதிப்பின் அடிப்படை அதுவே.

சாக்கடல் சுருளும் இன்னைக்கு இருக்குற பாடமும் அச்சு அசலா ஒண்ணுதானே?

சில சுருள்களில் கிட்டத்தட்ட அப்படித்தான். சிலவற்றில் இல்லை. கும்ரானின் 11 குகைகளில் 900க்கு மேற்பட்ட பிரதிகளின் எச்சங்கள் கிடைத்தன. கால்பங்கு அளவுதான் வேத நூல்கள். அவற்றில் மசோரெத்து பாடத்தின் முன்னோடியும் இருக்கிறது, கிரேக்க மொழிபெயர்ப்புக்கு மூலமாக இருந்திருக்கக்கூடிய பாடமும் இருக்கிறது. கிரேக்க எரேமியா எபிரேயத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. கும்ரானில் அந்தக் குறுகிய வடிவத்தோடு ஒத்துப்போகும் எபிரேயத் துண்டு கிடைத்தது. உபாகமம் 32:8இல் 'இஸ்ரவேல் புத்திரர்' என்று நாம் வாசிக்கும் இடத்தில் ஒரு கும்ரான் துண்டில் 'தேவ புத்திரர்' என்றிருக்கிறது. 145ஆம் சங்கீதம் அகரவரிசைப் பாட்டு, நூன் எழுத்து வரி மட்டும் மசோரெத்து பாடத்தில் இல்லை. ஒரு கும்ரான் சுருளில் இருக்கிறது. அது தொலைந்த மூல வரியா, இடைவெளியை நிரப்பப் பின்னால் கட்டியதா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

எழுத்தர் கண் தாவுவது எப்படி என்று ஏசாயாச் சுருளிலேயே பார்க்கலாம். 40:7இல் 'புல் உலர்ந்து பூ உதிரும்', 40:8இலும் 'புல் உலர்ந்து பூ உதிரும்'. முதலில் எழுதியவர் ஒன்றை எழுதிவிட்டு நிமிர்ந்திருக்கிறார். கண் இரண்டாவதில் போய் இறங்கியிருக்கிறது. இடையில் இருந்தது காணோம். வேறொரு கை பின்னால் வந்து, விட்டதை வரிக்கு மேலேயும் ஓரத்திலுமாக நுழைத்து எழுதியிருக்கிறது. (குறுகிய வடிவமே பழையது என்று வாதிடுபவர்களும் உண்டு, கிரேக்கமும் அங்கே குறுகியதே.) சொல்லைச் சொல்லிவிட்டு எழுது என்ற விதி எதற்கு என்பது இங்கே விளங்கும்.

எழுத்தை எண்ணி எண்ணி எழுதினாங்களே, அப்புறம் எப்படி வித்தியாசம் வரும்?

எண்ணினார்கள், ஆனால் எல்லாக் கணக்கும் ஒத்துவரவில்லை. தோராவின் நடு எழுத்து லேவியராகமம் 11:42இல் உள்ள ஒரு வாவ் என்கிறது தல்மூது. அதைப் பெரிதாக எழுதும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இன்றைய பாடத்தை எண்ணினால் நடு எழுத்து அதற்குச் சில அதிகாரங்கள் முன்னாலேயே வந்துவிடுகிறது. வசனம் 5,888 என்கிறது தல்மூது; மசோரெத்து கணக்கு 5,845. எபிரேயத்தில் ஒரே சொல்லை வாவ், யோத் சேர்த்தும் சேர்க்காமலும் எழுதலாம், 'நிறை', 'குறை' என்று பெயர். இந்த விஷயத்தில் தங்களுக்கே துல்லியம் போதாது என்று தல்மூது அறிஞர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மசோரெத்துகளுக்குப் பிறகு நிலைமை வேறு. இன்று ஏமன் யூதர் சுருளுக்கும் மற்றவர் சுருளுக்கும் 3,04,805 எழுத்தில் வித்தியாசம் ஒன்பது இடத்தில்தான், எதுவும் பொருளை மாற்றுவதில்லை. அவ்வளவு தொலைவு பிரிந்து வாழ்ந்த சமூகங்களுக்கிடையே இது அசாத்தியமான இறுக்கம். ஆனால் அந்த இறுக்கத்தை மோசே காலம்வரை பின்னோக்கி நீட்டக் கூடாது.

கரிக்கட்டையா எரிஞ்ச சுருளைத் திறக்காமலே படிச்சாங்களாமே?

என்கேதி சுருள். சாக்கடல் ஓரத்து என்கேதியில் பழைய தொழுகைக் கூட அகழாய்வில் 1970இல் கிடைத்தது, தொட்டாலே உதிரும். நுண் சி.டி. படமெடுத்து, சுருளின் அடுக்குகளைக் கணினியில் பிரித்து, தட்டையாக்கி, மையின் அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு எழுத்தை வரவழைத்தது கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பிரென்ட் சீல்ஸ் குழு, 2016இல் வெளியானது. லேவியராகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்கள். கரிமக் காலக்கணிப்பு கி.பி. 3–4ஆம் நூற்றாண்டு என்கிறது. வாசிக்க முடிந்த வரிகளில் மெய்யெழுத்தும் பகுதிப் பிரிவும் மசோரெத்து பாடத்தோடு அப்படியே பொருந்தின. முந்தைய பதிலில் சொன்ன இறுக்கம் மசோரெத்துகளுக்குச் சில நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது என்பதற்கு நல்ல சான்று இது.

பைபிள்ல மயிலுக்கு 'துக்கி'ன்னு இருக்கே, அது நம்ம 'தோகை'தானே?

1 இராஜாக்கள் 10:22இல், சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த சரக்கில் 'துக்கியீம்' வருகிறது. கால்டுவெல் இதைத் தமிழ்த் தோகையோடு இணைத்தார்; இன்றும் மதிப்புள்ள கருத்துதான், முடிந்த விஷயம் அல்ல. அமெரிக்க ஆய்வாளர் ஆல்பிரைட் அதை எகிப்திய மொழியின் குரங்குச் சொல்லோடு இணைத்தார். அப்படியானால் அந்த வரியில் இரண்டு வகைக் குரங்குகள், மயிலே இல்லை. சொல் ஒத்துப்போவது மட்டும் போதாது. அந்தச் சொல் எந்த வழியாக, யார் வாயில் போனது என்று காட்ட வேண்டும், அது இன்னும் காட்டப்படவில்லை. மேடையில் சொல்வதென்றால் 'இருக்கலாம்' என்று சொல்லுங்கள். இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி.

கொச்சி யூதர்களோட சுருள் வேற மாதிரியா?

பாடம் அதேதான். துணி உறைக்குப் பதில் கெட்டியான மர, உலோகப் பேழையில் நிற்கவைக்கும் கிழக்கத்திய வழக்கம் அங்கே உண்டு. கிளாடியஸ் புக்கானன் என்ற பாதிரியார் 1806இல் மலபார்ப் பயணத்தில் பெற்ற சுருள் ஒன்று கேம்பிரிட்ஜில் இருக்கிறது: செந்நிறச் சாயமேற்றிய 37 தோல்கள், பல பகுதி இல்லை.

தமிழ் வாசகர் தேடிப் பார்க்க வேண்டியது இன்னொன்று: மட்டாஞ்சேரி பரதேசி தொழுகைக் கூடத்துச் செப்பேடு. கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவி, யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமைகள் தந்தது. வட்டெழுத்தில் இருக்கிறது. 'செப்பேடு எபிரேயத்தில் உள்ளது' என்று பரவும் செய்தி தவறு.

பழைய எபிரேயத் துண்டு விலைக்கு வருது. வாங்கலாமா?

'சாக்கடல் சுருள்' என்று சொன்னால் நகர்ந்துவிடுங்கள். வாஷிங்டனில் உள்ள பைபிள் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த 16 துண்டுகளையும் சோதிக்கக் கொடுத்தது. 16ம் போலி என்று 2020இல் அறிவிப்பு வந்தது. தோல் பழையதுதான், அதனால் தோலை மட்டும் காலக்கணிப்புக்கு அனுப்பினால் ஏமாந்துபோவோம். காட்டிக்கொடுத்தது மை. உண்மையில் பழைய எழுத்தென்றால் தோல் வெடிக்கும்போது எழுத்தும் சேர்ந்து வெடிக்கும். அந்தத் துண்டுகளில் மை வெடிப்புக்குள் இறங்கித் தேங்கியிருந்தது, கிழிந்த விளிம்பில் வழிந்திருந்தது. அதாவது, தோல் கிழிந்த பிறகு எழுதியிருக்கிறார்கள்.

பிற்காலத் தோராச் சுருள் என்றால் உருப்பெருக்கியில் இதே சோதனையைச் செய்யுங்கள். எந்த நாட்டிலிருந்து எப்போது வெளியேறியது என்ற காகிதம் கேளுங்கள். காகிதம் இல்லாத சரக்கில் திருட்டுச் சரக்கும் கலந்திருக்கும். இறுகச் சுருண்டிருப்பதைக் கையால் இழுத்துப் பிரிக்க வேண்டாம். பிசின் மிகுந்த மை அந்த ஓர் இழுப்பில் உதிர்ந்துவிடும். எழுத்தின்மேல் விரலும் படக் கூடாது. வாசிப்பவர்களே கைவடிவக் குச்சியால்தான் வரியைக் காட்டுகிறார்கள்.